போடிமெட்டு வழியும் மன்றோ துரையின் பட்டயமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இம்மேடையில் வள்ளுவரைப் பற்றியும் இளங்கோவடிகளைப் பற்றியும் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இவ்வாண்டு செயலாளர் வேறொரு கட்டளை இட்டார். "நாம் குடியிருக்கும் இந்த மலையை முதன்முதல் விளைநிலமாக்கியவர் யார்? அவர் வரலாற்றைச் சொல்லுங்கள்" என்றார். கட்டளை எளிது, விடை எளிதன்று. பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால் "ஜான் டேனியல் மன்றோ" என்று உடனே சொல்லிவிடுகிறார்கள். மூணாற்றில் சுற்றுலா வருவோர்க்கு வழிகாட்டிகள் சொல்லும் பெயரும் அதுவே. வீட்டில் உள்ள பாட்டியைக் கேட்டால் அவருக்கு அப்பெயரே தெரியாது. "கங்காணி கூட்டி வந்தார், நாங்கள் வந்தோம்" என்பார். பிள்ளை சொல்வதும் பொய்யன்று. பாட்டி சொல்வதும் பொய்யன்று. இரண்டுக்கும் இடையே ஒரு காகிதம் கிடக்கிறது. அந்தக் காகிதத்தின் கதையையும், அதைப் பெற்ற மனிதரின் கதையையும் இன்று சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மன்றோ என்னும் பெயருடைய துரைமார் மூவர் நம் நாட்டு வரலாற்றில் வருகின்றனர். சென்னைத் தீவுத்திடலில் குதிரைமேல் வீற்றிருக்கும் சிலைக்குரியவர் சர் தாமஸ் மன்றோ. 1820 முதல் 1827 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநர். கர்னல் ஜான் மன்றோ என்பவர் 1810 முதல் 1819 வரை திருவிதாங்கூரில் ரெசிடெண்டாக இருந்து, இடையே சில ஆண்டுகள் திவான் பொறுப்பையும் தாமே வகித்தவர். கொல்லத்துக்கு அருகில் அட்டமுடிக் காயலில் உள்ள மன்றோத் தீவு அவர் பெயரால் வழங்குவது. நம்முடைய ஜான் டேனியல் மன்றோ இவ்விருவருக்கும் பின்னர் வந்தவர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. தாமஸ் மன்றோவின் புகழுக்கெல்லாம் காரணம், இடையில் சமீந்தார் இல்லாமல் நிலத்தை உழும் குடியானவன் பெயருக்கே அரசு நேரே பட்டா கொடுக்கும் ரயத்துவாரி முறை. அதே பெயரைத் தாங்கிய பின்னவர் இந்த மலையில் பெற்ற பட்டயமோ, ஒரே மனிதர் பெயரில் ஏறக்குறைய 215 சதுர மைல்!

அந்நாளில் இம்மலை எப்படி இருந்தது? 1790ஆம் ஆண்டிலேயே கர்னல் வெல்லெஸ்லி என்பவர் படையோடு மூணாற்றுக்கு வந்தார் என்றொரு கதை புத்தகங்களில் வழங்குகிறது. பின்னாளில் வெல்லிங்டன் பிரபுவாகி நெப்போலியனை வென்றவர் அவர். ஆனால் அவர் இந்திய மண்ணில் கால் வைத்ததே 1797ஆம் ஆண்டில்தான். ஆகவே அக்கதையை நம்புவதற்கில்லை. பெரிய மனிதர் ஒருவர் வந்து போனார் என்றால்தான் ஓர் ஊருக்குப் பெருமை என்று எண்ணுகிறவர்கள் எக்காலத்தும் உண்டு போலும். உண்மையில் இம்மலைகளை அளந்து எழுதி வைத்தவர்கள், 1816க்கும் 1820க்கும் இடையில் திருவிதாங்கூர் முழுவதையும் அளந்த வார்டு, கானர் என்னும் இரு படை அலுவலர்கள்.

அவர்கள் அளக்குமுன்பே மலைக்கு வழி இருந்தது. அதுவே நம் போடிமெட்டு வழி. இன்று முந்தலில் தொடங்கிப் பதினேழு கொண்டையூசி வளைவுகளில் பேருந்து ஏறிவருகிறது. பிள்ளைகள் வளைவுகளை எண்ணிக்கொண்டே தூங்கிவிடுகிறார்கள். அன்று அது ஒற்றையடித் தடம். கீழே போடிநாயக்கனூரில் வெயில் கொளுத்தும். நாலாயிரம் அடிக்கு மேல் ஏறி மெட்டை அடைந்தால் காற்று ஆளைத் தள்ளும். அரிசியும் உப்பும் கருவாடும் தலைச்சுமையாக மேலே ஏறின. ஏலக்காய் மூட்டை கீழே இறங்கிற்று. அந்நாளில் ஏலம் திருவிதாங்கூர் அரசின் தனிவுரிமைச் சரக்கு. காட்டில் தானே விளைந்ததாயினும், குடிகள் களையெடுத்துக் காத்ததாயினும், அரசினிடமே ஒப்படைத்தாக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி வரை அம்முறை நீடித்தது. பெயரளவில் காவல் பலமாக இருந்தாலும், மெட்டைத் தாண்டிவிட்டால் அப்புறம் மதுரைச் சீமை, ஆங்கிலேயர் ஆட்சி. இருட்டில் இறங்கும் மூட்டைக்கு வழி தெரியாதா என்ன? ஏலமலைக்கு ஓர் அதிகாரி தேவைப்பட்டது இதனாலும்தான்.

அவ்வதிகாரியாக இருந்தவர் ஜான் டேனியல் மன்றோ. ஏலமலைகளின் கண்காணிப்பாளர், கூடவே நீதித்துறை அதிகாரம் உடைய மாஜிஸ்டிரேட்டு என்பது அவர் பதவி. அவர் வெறும் அலுவலர் அல்லர். பீருமேட்டுப் பக்கத்தில் காப்பித் தோட்டம் போட்ட ஆங்கிலேயருள் ஒருவர். மண்ணின் இயல்பும் மழையின் அளவும் அறிந்தவர். மலையேறக் கால் வலு உடையவர். தாம் கண்ட உயர்மலைகளைப் பற்றி 1880ஆம் ஆண்டில் ஒரு சிறு நூலும் எழுதினார். உழவர், அதிகாரி, நீதிபதி, நூலாசிரியர் ஆகிய நால்வரும் ஓர் உடம்பில் இருந்தால் அவர் கண்ணுக்கு ஒரு காடு எப்படித் தோன்றும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். காடாகத் தோன்றாது, கணக்காகத் தோன்றும்.

1870களில் திருவிதாங்கூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் இடையே எல்லைத் தகராறு எழுந்தது. அதைத் தீர்க்கும் பணியில் மன்றோ இம்மலைகளில் சுற்றினார். அப்போது கண்ணன் தேவன் மலைகள் பூஞ்ஞாற்று மன்னர் குடும்பத்தின் உடைமையாக இருந்தன. பூஞ்ஞாற்று மன்னர் யார் என்பதை இங்கே ஒரு கணம் நின்று சொல்லியாக வேண்டும். அவர்கள் தம்மைப் பாண்டியர் வழிவந்தவர் என்று சொல்லிக்கொள்பவர்கள். மதுரையை விட்டு மலைகடந்து மேற்கே குடியேறியவர்கள். மீனாட்சியம்மையைக் குலதெய்வமாகக் கொண்டவர்கள். ஆகவே பட்டயம் எழுதிக் கொடுத்த கையும் ஒரு காலத்தில் நம்மைப் போல மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த கைதான்.

1877ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அப்பட்டயம் எழுதப்பட்டது. பூஞ்ஞாற்றுக் கேரளவர்மர் வலியராசா, மன்றோவுக்குக் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குக் கொடுத்தார். ஆண்டுக் குத்தகை 3,000 ரூபாய். பிணைத்தொகை 5,000 ரூபாய். அடுத்த ஆண்டே திருவிதாங்கூர் அரசும் அதை ஏற்று உறுதி செய்தது. 215 சதுர மைலை ஏக்கராக்கினால் 1,37,600. மூவாயிரம் ரூபாயை அதனால் வகுத்துப் பார்த்தோம். ஓர் ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு நாலு பைசாவுக்குச் சற்று மேல், அதாவது ரூபாய்க்கு நூற்றுத்தொண்ணூற்றிரண்டு கொண்ட பழைய சின்னப் பைசா. ஓரணாவுக்கு ஏறக்குறைய மூன்று ஏக்கர்!

இது அந்நாளைய விலைவாசி என்று நீங்கள் சொல்லக்கூடும். நாமும் அவ்வாறே எண்ணி, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பட்டயத்தைத் தேடினோம். அது தேனிச் சீமையார் எல்லாரும் அறிந்தது. பென்னிகுவிக் கட்டிய பெரியாற்று அணைக்காக 1886 அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் அரசும் ஆங்கில அரசும் செய்துகொண்ட குத்தகை உடன்படிக்கையே அது. அங்கே 8,000 ஏக்கருக்கு ஆண்டு வாடகை 40,000 ரூபாய். ஏக்கருக்கு ஐந்து ரூபாய். இரண்டுக்கும் இடையே ஒன்பதே ஆண்டுகள். மலையும் அதே மலைத்தொடர். ஊருக்கெல்லாம் சோறு போடும் அணைக்கு ஏக்கர் ஐந்து ரூபாய். தனி மனிதர் ஒருவருக்கு அதில் இருநூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அணைக்கு நீரில் மூழ்கும் நிலம், இது காடு, இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று வழக்கறிஞர் யாரேனும் கேட்டால் நாம் வாதாட மாட்டோம். ஆயினும் தராசு நினைவில் இருக்கட்டும். காவல் காக்க அனுப்பப்பட்ட அதிகாரி குத்தகைக்காரராகவும் ஆனது முறையா என்று கேட்டவர் அந்நாளில் இருந்தார்களா? அரசே உறுதி செய்துவிட்ட பின் யார் கேட்பது?

மன்றோ அம்மலையைத் தாமே உழுது பயிரிடவில்லை. 1879இல் வட திருவிதாங்கூர் நிலத் தோட்ட வேளாண்மைச் சங்கம் என்றொரு அமைப்பு தோன்றியது. தம் உரிமையை அதற்கு மாற்றிக் கொடுத்தார். அச்சங்கத்தார் நிலத்தைப் பங்கிட்டுக்கொண்டு காப்பி, சின்கோனா, ஏலம், கற்றாழைநார் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தனர். காப்பியை இலைநோய் தின்றது. மலேரியாவுக்கு மருந்து தரும் சின்கோனா, சாவகத்தீவின் மலிவான சரக்கோடு போட்டியிட முடியாமல் வீழ்ந்தது. 1880இல் ஏ. எச். ஷார்ப் என்பவர் பார்வதித் தோட்டத்தில் சிறு நிலத்தில் வைத்த தேயிலையே கடைசியில் நின்றது. 1897இல் கண்ணன் தேவன் கம்பெனி ஏற்பட்டது. அதற்குப் பிறகு நடந்தவை கம்பெனியின் வரலாறு. மன்றோவின் பங்கு அந்தக் காகிதத்தோடு ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. இருபது ஆண்டு உழைத்தவர் பெயரைவிட, ஒருநாள் கையெழுத்திட்டவர் பெயர் நிலைத்து நின்றது.

உலகின் பிற பகுதிகளிலும் இதே மாதிரி மனிதர்கள் அக்காலத்தில் இருந்தனர். ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டுக்குப் போன டெலமியர் பிரபு என்னும் ஆங்கிலேயருக்கு 1903இல் ஒரு லட்சம் ஏக்கர் நிலம், 99 ஆண்டுக் குத்தகைக்குக் கிடைத்தது. வாடகை ஆண்டுக்கு 200 பவுன். மன்றோவுக்கும் அவருக்கும் வேறுபாடு உண்டு. டெலமியர் அங்கேயே தங்கி, ஆடும் மாடும் கோதுமையுமாகத் தம் சொத்தையெல்லாம் இழந்து இழந்து பயிர் செய்தார். பிறகு சட்டமன்றத்தில் அமர்ந்து வெள்ளைக் குடியேறிகளின் தலைவராகவும் விளங்கினார். அந்நாட்டு இரயில்பாதையைப் போடப் போன இந்தியருக்கும், அங்கே கடை வைத்த இந்தியருக்கும் மேட்டு நிலத்தில் உரிமை கூடாதென்று வாதிட்டவர்களின் முன்னணியில் அவர் நின்றார். நைரோபியின் பெரிய வீதிக்கு அவர் பெயரும், வீதியில் சிலையும் இருந்தன. 1963இல் நாடு விடுதலை பெற்றபோது சிலை அகற்றப்பட்டது; வீதி கென்யாட்டாவின் பெயர் பெற்றது. நம் மலையிலோ மாற்ற வேண்டிய பெயர்ப்பலகையே இல்லை. இங்கே பெயர் வேறு வகையில் நிலைத்தது.

அதைச் சொல்லுமுன், மன்றோவுக்கு வழிகாட்டியவர்களைச் சொல்ல வேண்டும். இம்மலையில் முதுவர் வாழ்கின்றனர். மதுரையை விட்டு வந்தபோது மீனாட்சியம்மையின் திருவுருவை முதுகில் சுமந்து வந்ததால் முதுவர் என்று பெயர் பெற்றதாக அவர்கள் சொல்வார்கள். இன்றும் அவர்கள் வீட்டில் பேசுவது தமிழோடு நெருங்கிய பேச்சு. தாய்மார் குழந்தையை முதுகில் கட்டிக்கொள்வதைச் சந்தையில் நாமே காண்கிறோம். வடக்கே அஞ்சுநாட்டில் மறையூர், காந்தலூர், காரையூர், கீழாந்தூர், கொட்டகுடி என்னும் ஐந்தூரார் உளர். அவர்களும் மதுரைச் சீமையில் நேர்ந்த குழப்பத்துக்கு அஞ்சி மலையேறி, பாலைத் தொட்டுச் சத்தியம் செய்து ஒன்றாகக் கலந்தவர் என்பது அவர்கள் மரபு. அந்த அஞ்சுநாட்டுத் தலைவர் ஒருவர் பெயர் கண்ணன் தேவர் என்றும், அவர் பெயரே மலைக்கு ஆயிற்று என்றும் வழங்குகிறது. அவர் கையில் பட்டயம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அவர் பெயர் தேயிலைப் பொட்டலத்தில் ஏறி, நாட்டின் ஒவ்வொரு பெட்டிக்கடைக்கும் போய்ச் சேர்ந்தது. மலை போயிற்று, பெயர் நின்றது. இதைப் புகழ் என்பதா, இழப்பு என்பதா என்பது கேட்பவர் மனத்தைப் பொறுத்தது.

ஆகப் பூஞ்ஞாற்றார் மதுரையிலிருந்து வந்தவர். முதுவர் மதுரையிலிருந்து வந்தவர். அஞ்சுநாட்டார் மதுரையிலிருந்து வந்தவர். அடுத்து வந்தவர் நம் பாட்டன் பாட்டிமார். மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளில் மழை பொய்த்த ஆண்டுகளில் கங்காணி ஊருக்கு வருவார். தலைப்பாகை கட்டியிருப்பார். கையில் முன்பணம் இருக்கும். கடன் அடையும், அரிசி கிடைக்கும், ஒரு கம்பளி கிடைக்கும் என்பார். வாங்கிய முன்பணம் ஒரு கயிறு. 1859ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது சட்டம், முன்பணம் வாங்கி வேலைக்குப் போகாத தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப ஆங்கில இந்தியாவில் இடம் கொடுத்தது. 1925ஆம் ஆண்டில்தான் அதை நீக்க முடிவு செய்தார்கள். மன்றோ துரைக்கு ஒரு காகிதம் மலையைக் கொடுத்தது. நம்மவர் கைநாட்டு வைத்த காகிதம் மலைக்கு அவர்களைக் கொடுத்தது.

அவர்கள் ஏறிய வழியைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொன்னவை நம் காதில் இன்னும் உண்டு. கைப்பிள்ளையைத் துணியில் கட்டி, தலையில் பானையும் சட்டியும் வைத்து, விடியுமுன் போடியை விட்டால் மெட்டு ஏறுவதற்குள் பொழுது சாயும். குளிர் தாங்காமல் மடங்கியவர்களை வழியிலேயே புதைத்துவிட்டு நடந்தார்களாம். மூணாற்றில் சிறு குன்றின்மேல் கிறித்தவக் கல்லறைத் தோட்டம் ஒன்றுண்டு. கம்பெனியின் முதல் பொது மேலாளர் நைட்டு என்பவரின் இளம் மனைவி எலனார் இசபெல் மே, 1894 திசம்பரில், மணமாகி வந்த சின்னாட்களிலேயே வாந்திபேதியால் இறந்து அங்கே அடக்கமானார். கல்லறை முதலில் வந்தது. மாதாகோவில் பின்னர்தான் எழுந்தது. அப்பெண்மணிக்காக நாமும் இரங்குகிறோம். சாவில் துரைசானி என்றும் கூலி என்றும் இல்லை. ஆனால் அதே வாந்திபேதியில் மெட்டு வழியில் விழுந்தவர்களுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை.

சுமை தூக்கும் கதையையும் சற்று விரித்துச் சொல்வோம். நம்மில் பலருடைய குடும்பங்கள் அதில் பிழைத்தவை. மூணாற்றுத் தேயிலை கீழே இறங்கியது மேற்கே அன்று, கிழக்கே. 1902இல் மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக ஒற்றைத் தண்டவாளத்தில் எருதுகள் இழுக்கும் வண்டி ஓடியது. 1908இல் அது சிறிய இரயில்பாதையாயிற்று. அது கொண்டுவந்து சேர்க்கும் இடம் டாப் ஸ்டேசன். அங்கிருந்து கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் மேகத்துக்குள் புகுந்து கொட்டகுடிக்கு இறங்கின. கொட்டகுடியிலிருந்து மாட்டு வண்டியில் போடி, போடியிலிருந்து அம்மையநாயக்கனூர் இரயிலடி, பிறகு தூத்துக்குடித் துறைமுகம், பிறகு இலண்டன். 1924 சூலையில் பெய்த பெருமழையில் மலை சரிந்து அந்த இரயில்பாதை அழிந்தது; மீண்டும் போடவில்லை. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளத்தார் அதைத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்பர். மதுரையிலிருந்து போடிக்கு இரயில் வந்தது 1928இல். அகலப்பாதை ஆக்குவதற்காக 2010இல் அது நின்றது. பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருந்து 2023 சூனில்தான் மறுபடி போடி நிலையத்தில் கூவல் கேட்டோம். அன்று கீழே போய் மாலை போட்டு வந்தவர்கள் இந்த அவையிலும் இருக்கிறார்கள்.

இனி அரசியல். தோட்ட முதலாளிகள் 1893லேயே தென்னிந்தியத் தோட்டக்காரர்களின் ஐக்கிய சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். தொழிலாளிக்கு அந்த ஒற்றுமை வர அரைநூற்றாண்டு ஆயிற்று. விடுதலைக்குப் பின் தேவிகுளம், பீருமேடு வட்டங்கள் தமிழகத்தோடு சேர வேண்டுமென்று திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு போராடியது. 1954இல் தலைவர் நேசமணி மூணாற்றுக்கே வந்து தடையை மீறிச் சிறை சென்றார். தோட்டத் தமிழர்கள் நிலையாகக் குடியிருப்போர் அல்லர், வந்து போகிறவர்களே என்றொரு வாதம் அப்போது எழுந்தது. இரண்டு மூன்று தலைமுறையாக அங்கேயே பிறந்து அங்கேயே இறந்தவர்களைப் பற்றி! வீட்டுக்கும் நிலத்துக்கும் காகிதம் இல்லாதவனை வந்துபோகிறவன் என்று சொல்வது எவ்வளவு எளிது! 1956 நவம்பர் முதல் நாள் இவ்வட்டங்கள் கேரளத்தோடு நின்றன. அதை இன்று கிளறுவது நம் நோக்கமன்று. மலையாளச் சகோதரரோடு ஒரே கடையில் தேநீர் குடித்து, ஒரே பேருந்தில் நெருக்கியடித்துப் போகிறோம். அவர்களும் மேற்கிலிருந்து இம்மலைக்குக் குடியேறி வந்தவர்களே.

1958இல் தேவிகுளத்தில் நடந்த இடைத்தேர்தலை மட்டும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வேட்புமனுவைத் தள்ளியது தவறென்ற வழக்கில் முந்தைய தேர்தல் செல்லாமற் போய், ரோசம்மா புன்னூசு அம்மையார் மறுபடி நின்றார். அவருக்காகப் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் ஆர்மோனியத்தோடு மலையேறி வந்து லயம் லயமாகப் பாடினார். தமிழ்ப் பாட்டுக் கேட்கத் தோட்டமே திரண்டது, அம்மையார் வென்றார். அவருடைய தம்பியே இளையராசா என்றால் குழந்தைகள் நிமிர்ந்து உட்காருவதைக் காண்கிறோம்.

1971இல் கேரள அரசு கண்ணன் தேவன் மலைகளை மீட்கும் சட்டம் இயற்றியது. 1972இல் உச்சநீதிமன்றமும் அச்சட்டம் செல்லும் என்றது. தேயிலை நிற்கும் ஏறக்குறைய 57,000 ஏக்கரைக் கம்பெனியிடம் விட்டுவிட்டு மீதியை அரசு எடுத்துக்கொண்டது. மன்றோவின் பட்டயம் எழுதி தொண்ணூற்று நான்கு ஆண்டுகளுக்குப் பின் அதற்கு ஒரு கேள்வி பிறந்தது. நிலமற்றோர்க்குப் பங்கிட வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று. தோட்டத்தில் முப்பது நாற்பது ஆண்டு கொழுந்து கிள்ளிய பெண்ணுக்கு அதில் எவ்வளவு வந்தது என்று இங்குள்ள தாய்மார்களே சொல்லட்டும். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு தருவதை முதலாளியின் கடமை ஆக்கியது. ஆனால் அவ்வீடு வேலையோடு கட்டிய வீடு. ஓய்வு பெற்றதும் லயத்தைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகளில் ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால்தான் கூரை நிற்கும். படித்து வெளியே போன பிள்ளைகளின் பெற்றோர்க்குப் படிப்பே இழப்பாகி விடுகிறது. 2015 செப்டம்பரில் போனசு குறைந்ததற்காக மூணாற்றுச் சாலையில் ஆயிரக்கணக்கில் பெண்கள் உட்கார்ந்தார்களே, சங்கத் தலைவர்களையும் அருகில் வர விடாமல்! இருபது விழுக்காடு பெற்றே எழுந்தார்கள். 2020 ஆகத்து 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது எழுபது உயிர்கள் போயின. அவர்களுள் நம் தூத்துக்குடிச் சீமையிலிருந்து வந்த குடும்பங்களே மிகுதி. அவர்கள் பெயர்கள் கல்லில் எழுதப்பட்டன, பட்டாவில் எழுதப்படவில்லை.

நம் ஏலமலையின் கதை வேறு, சிக்கலில் குறைந்ததன்று. 1897இல் திருவிதாங்கூர் அரசு வெளியிட்ட ஏலமலைக் காட்டு அறிவிப்பில் கண்ட பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்பதே இன்றளவும் வழக்கு. முன்னால் ஓர் 'இரண்டு' இருந்ததா, இல்லையா? அந்த ஓர் எண்ணின்மேல் ஆயிரமாயிரம் குடும்பங்களின் அடுப்பு நிற்கிறது. 2024 அக்டோபரில் உச்சநீதிமன்றம் இப்பகுதியில் புதிய பட்டா கொடுப்பதற்கு இடைக்காலத் தடை விதித்தது. காடு காக்கப்பட வேண்டும் என்பதை மறுப்பவர் நாம் அல்லர். ஏலச்செடிக்கு மேலே மரநிழல் வேண்டும் என்பது ஏலக்காரனுக்குத் தெரியாததா? சின்னக்கானலில் அரிசிக்காகக் கடைகளை உடைத்து அரிக்கொம்பன் என்று பெயர் பெற்ற யானையை 2023 ஏப்பிரலில் பிடித்துப் பெரியாற்றுக் காட்டில் விட்டார்கள். அது மே மாதமே மெட்டைத் தாண்டிக் கம்பம் ஊருக்குள் நடந்து வந்தது. எல்லைக்கோடு எங்கே என்று அதனிடம் யாரும் காகிதம் கேட்கவில்லை. ஊசி போட்டுத்தான் ஏற்றிப் போனார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் காலனிப் பெரியவர் ஒருவரோடு ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தோம். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். "எத்தனை ஆண்டாக இங்கே இருக்கிறீர்? அதற்கு ஆதாரம் என்ன?" என்று கேட்டார்கள். அவர் தம் தகரப்பெட்டியைத் திறந்தார். மகளின் பள்ளிச் சான்றிதழ், பழைய குடும்ப அட்டை ஒன்று, வைப்புநிதிச் சீட்டு, தாயார் இறந்தபோது தோட்டத்து ஆசுபத்திரியில் எழுதிக் கொடுத்த துண்டுத்தாள். ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். அவர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். "இவை போதா" என்றார்கள். திரும்பும் வழியில் அவர் ஒன்றும் பேசவில்லை. பூப்பாறை தாண்டியதும், "எங்க ஐயா இந்த ரோட்டுக்குக் கல்லு உடைச்சாரு" என்றார். அவ்வளவுதான்.

ஆகையால் செயலாளரிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தோம், அவரும் இசைந்தார். விழா முடிந்ததும் பந்தலின் பின்புறம் இரண்டு மேசைகள் போட்டிருக்கும். நம் கல்லூரிப் பிள்ளைகள் நால்வர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு குடும்பத்தாரும் தம் பெரியவர் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், எந்த மெட்டு வழியாக, எந்தக் கங்காணியோடு வந்தார், எந்தத் தோட்டத்தில் பெயர் பதிந்தார், எங்கே அடக்கமானார் என்பதைச் சொல்லி எழுதிவைக்க வேண்டும். தகரப்பெட்டியில் உள்ளவற்றைக் கொண்டு வாருங்கள். படம் பிடித்துக்கொண்டு உடனே திருப்பித் தருவார்கள். ஆண்டு தெரியாதவர்கள் அது வெள்ளத்துக்கு முன்னா பின்னா என்று சொன்னாலும் போதும். பாட்டிமாரை முதலில் உட்கார வையுங்கள். சாப்பாடு அங்கேயே வரும்.